ரெண்டு தபா அழுத்தினால் வரும் பெட்டி

காலையில் ஓடவிட்டுப் போன கணினி மாலையில் அணைந்து கிடந்தது. இன்றும்.

ஜென்சி தோளில் தொங்கிய பையைக்கூட இறக்கவில்லை. மேசைக்கு முன்னால் குனிந்து, அடியில் நின்ற சிபியு பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டாள். மூச்சுப் பேச்சு இல்லை. தகரத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. கால் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தியதும் பெட்டி, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி எழுந்து வரும் பிள்ளையைப் போல, முனகிக்கொண்டு எழுந்தது. வீடியோ வெட்டி ஒட்டும் மென்பொருளைத் திறந்தாள். போன தடவை தன்னை யாரோ பாதியில் நிறுத்திவிட்டதாக அது புகார் சொன்னது. வார்த்து வைத்திருக்க வேண்டிய படம் எங்கும் இல்லை.

படம் என்றால், செம்பாக்கத்தில் அவர்கள் போகும் சிறிய சபையின் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நடித்த கிறிஸ்மஸ் நாடகம். வழக்கமாக அது சபைக்கு முன்னால் பந்தல் போட்டு நடக்கும். இந்த வருஷ மழையில் அந்த இடம் ஏரியின் இளைய தம்பி ஆகிவிட்டது. அதனால் மேய்ப்பர்களை ஒரு மொட்டைமாடியிலும், ஏரோது ராஜாவை ஒரு கார் ஷெட்டிலும் நிறுத்தி, துண்டு துண்டாகப் போனில் எடுத்தார்கள். துண்டுகளைச் சேர்த்து, பாட்டுப் போட்டு, சனிக்கிழமை கேரல் ஆராதனையில் திரையில் காட்டுவதாக ஏற்பாடு. சேர்க்கும் பொறுப்பு ஜென்சியுடையது. சேர்த்தும் முடித்துவிட்டாள். மிச்சம் இருந்தது ஒரே வேலை. எல்லாத் துண்டுகளையும் கணினி ஒன்றாக உருக்கி ஒரே படமாக வார்த்துத் தர வேண்டும். எக்ஸ்போர்ட் என்பார்கள். புதுக் கணினி அதை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் செய்துவிடும். இவர்கள் வீட்டுக் கணினிக்கு ஏழு மணி நேரம் வேண்டும். நடுவில் நின்றால், பாதியில் இறக்கிய இட்லியைப் போல, செய்தது எதற்கும் உதவாது. மறுபடி மாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ராத்திரி ஓடவிடலாமே என்றால், அதற்கு அத்தை விடமாட்டார். மாமியார் ஞானசௌந்தரி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. குடும்ப ஜெபம் முடிந்ததும் ஃபிரிட்ஜையும் ஃபேனையும், கடிகாரத்துக்காக மைக்ரோவேவையும் தவிர வீட்டில் எல்லா ஸ்விட்சையும் தன் கையால் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். மின்சாரம் தூங்காமல் இருந்தால் தீப்பிடிக்கும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. எனவே ஜென்சி காலையில் எக்ஸ்போர்ட்டைத் தொடங்கி, மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு, சேலையூரில் தான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் பள்ளிக்கு ஓடுவாள். திரும்பி வந்தால் இந்தக் கதி.

இதில் அவளுடைய மானமும் சிக்கியிருந்தது. துரைப்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் புருஷன் ஆஸ்டின், அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடலாம் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜென்சி விடவில்லை. இதிலேயே படத்தை முடித்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டாள். ஆஸ்டின் யோசிக்கவே இல்லை.

"முடிச்சிட்டா இந்த வருஷம் கேரல் ரவுண்ட்ஸ்ல நான் கிறிஸ்மஸ் தாத்தா. முடிக்கலைன்னா நீ."

கிறிஸ்மஸ் தாத்தா என்பது லேசான வேலை இல்லை. சிவப்பு அங்கிக்குள் வயிற்றில் தலையணை கட்டி, மூச்சு முட்டும் பிளாஸ்டிக் முகமூடி மாட்டி, வீடு வீடாகக் கேரல் பாடிப் போகும் கூட்டத்தோடு போய், டிரம் அடிக்கு ஏற்ப ஒவ்வொரு வாசலிலும் ஆட வேண்டும். கடைசி வீட்டில் முகமூடியைக் கழற்றி முகத்தைக் காட்டினால்தான் டீயும் கேக்கும். கடைசி வீடு இருந்த தெருவில் ஜென்சியின் எட்டாம் வகுப்புப் பையன்கள் நாலைந்து பேர் குடியிருந்தார்கள். 'கணக்கு மிஸ்' தலையணை வயிற்றோடு ஆடியதைப் பார்த்துவிட்டால் அவர்களுக்கு அப்புறம் எந்த ஜென்மத்தில் இயற்கணிதம் ஏறும்?

ஆஸ்டின் எடுத்த எடுப்பில், மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டப்பா சூடாகி அணைகிறது என்று தீர்ப்புச் சொன்னான். நல்ல மனசோடு ஒரு டேபிள் ஃபேனையும் பெட்டிக்கு நேராக வைத்துக் கொடுத்தான். அது புயல் போல இரைந்தது. மறுநாளும் கணினி அணைந்துதான் கிடந்தது. கரண்ட் போயிருக்குமோ என்று ஜென்சி சமையலறை மைக்ரோவேவைப் போய்ப் பார்த்தாள். ஒரு நொடி கரண்ட் போனாலும் அதன் கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அது ஒழுங்காக மணி காட்டியது. பகலில் வீட்டில் இருப்பவர் அத்தை மட்டும்தான். அவரிடம் கேட்டால், அந்தப் பெட்டிப் பக்கமே தான் போவதில்லை என்றார். ஆஸ்டின் ஒரு காலத்தில் அவருக்குக் கணினி கற்றுக் கொடுக்க முயன்றதும், இரண்டாம் நாளே "இதெல்லாம் நமக்கு வேண்டாம்ப்பா" என்று அவர் எழுந்து போனதும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

புதன்கிழமை காலை, முடிச்சு தானாக அவிழ ஆரம்பித்தது. ஜென்சி வழக்கம் போலக் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினாள். மானிட்டரின் வயர் லேசாகக் கழன்றிருந்ததால் திரையில் ஒன்றும் வரவில்லை. அது தெரியாமல், இது ஏன் இன்றைக்கு வரமாட்டேன் என்கிறது என்று வாய்விட்டு முணுமுணுத்தாள். பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த தனம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தனம் அந்தத் தெருக் கோடியில் இருப்பவள். காலையில் பெருக்கித் துடைக்கவும், மதியம் பாத்திரம் தேய்க்கவும் வருவாள்.

"இன்னொரு தபா அழுத்துக்கா. அது ரெண்டு தபா அழுத்தினாதான் வரும்."

சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு சுத்தமாக இருந்த மூலையையே திரும்பத் திரும்பக் கூட்டத் தொடங்கினாள். ஜென்சிக்கு நேரமாகிவிட்டது. வயரைச் சரி செய்து, எக்ஸ்போர்ட்டைத் தொடங்கிவிட்டு ஓடினாள்.

அன்றைக்கு அரையாண்டுத் தேர்வு. தேர்வு அறையில் கண்காணிப்பாளருக்கு நடப்பதையும் யோசிப்பதையும் தவிர வேறு வேலை கிடையாது. ஜென்சி இரண்டையும் செய்தாள். எனக்கு ஒரு தடவை அழுத்தினாலே வருகிறது. யாருக்கு இரண்டு தடவை அழுத்த வேண்டியிருக்கிறது?

இந்த இடத்தில் கணினிப் பொத்தானைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். சுவரில் இருக்கும் ஸ்விட்சுக்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம் என்று இரண்டு நிலை உண்டு. பார்த்த உடனே சொல்லிவிடலாம். கணினிப் பொத்தான் அந்த ஜாதி இல்லை, அது காலிங் பெல் ஜாதி. அழுத்தினால் உள்ளே இரண்டு வயர் ஒரு நொடி முத்தமிட்டுப் பிரியும், அவ்வளவுதான். அந்த முத்தத்துக்கு என்ன அர்த்தம் என்பதை உள்ளே இருக்கும் மதர்போர்டுதான் முடிவு செய்யும். தூங்கிக்கொண்டிருந்தால் எழுந்திருக்கும். விழித்திருந்தால் படுத்துவிடும். ஆகவே ஒரு கணினி இரண்டு தடவை அழுத்தினால்தான் வருகிறது என்று ஒருவர் சத்தியம் செய்தால், அவர் முதல் தடவை அழுத்தும்போது அது ஓடிக்கொண்டிருந்தது என்று பொருள். முதல் அழுத்தில் அணைகிறது. இரண்டாவதில் வருகிறது.

கடைசி பெஞ்சில் ஒருவன் பக்கத்தில் இருப்பவன் தாளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜென்சி அவனைப் பார்த்து அகலமாகச் சிரித்தாள். அவன் பயந்து போய்த் தன் தாளுக்கே திரும்பிவிட்டான்.

சாயங்காலம், கணினி அணைந்து கிடப்பதை உறுதி செய்துகொண்டு, தெருக் கோடியில் தண்ணீர் கேனோடு வந்த தனத்தை மடக்கினாள். தனம் முதலில் எனக்கின்னா தெரியும் என்றாள். அப்புறம், நான் சொன்னேன்னு சொல்லாதே என்றாள். அப்புறம் கேனை இறக்கி வைத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"டீச்சரம்மா சீட்டு ஆடுதுக்கா. நான் பக்கத்துல குந்திகினு சொல்லிக் குடுப்பேன், கறுப்பு ஏழத் தூக்கி செவப்பு எட்டு மேல வையி டீச்சர்னு. நேத்து ரெண்டு ஆட்டம் ஜெயிச்சுது."

ஜென்சி தெருவென்றும் பார்க்காமல் பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். காலேஜில் படிக்கும்போது ஆஸ்டின் பைக்குள் வைத்திருந்த சீட்டுக் கட்டைக் கண்டுபிடித்து, வெந்நீர் அடுப்பில் போட்டுக் கொளுத்தியவர் அத்தை. ஐம்பத்திரண்டு சீட்டும் எரிந்து முடியும் வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார் என்று ஆஸ்டின் இன்னும் சொல்லுவான். சபைப் பெண்கள் கூடும் ஐக்கியத்தில் சீட்டாடும் பழக்கத்தைப் பற்றி அவர் பேசினால் ஃபேன்கூட மெதுவாகச் சுற்றும். அந்த அத்தைதான்.

மிச்சத்தைத் தனம் சொல்லச் சொல்ல ஜென்சி கோத்துக்கொண்டாள். மௌஸைப் பிடித்து இழுக்கப் பழக வேண்டும் என்பதற்காக, ஆஸ்டின்தான் முதன்முதலில் அந்த ஆட்டத்தைத் திறந்து கொடுத்திருக்கிறான். இது சீட்டு இல்லம்மா, கைப்பயிற்சி என்று சமாதானமும் சொல்லியிருக்கிறான். எல்லோர் முன்னாலும் இரண்டாம் நாள் எழுந்து போனவர், யாரும் இல்லாத மதியங்களில் அந்தப் பயிற்சியை இன்றுவரை விடவில்லை. பள்ளியில் முப்பது வருஷம் மற்றவர்களுக்குப் பாடம் சொன்னவர் ஆயிற்றே, மகன் சொன்ன பாடத்தையும் ஒரு எழுத்து பிசகாமல் பின்பற்றினார். பெட்டியின் முகத்தில் விளக்கு எரிந்தால் அது ஓடுகிறது, எரியாவிட்டால் பொத்தானை அழுத்து. தான் போட்டதைத் தானே அணைக்க வேண்டும், முன்பே ஓடினால் ஓடட்டும் என்று விட்டுவிட வேண்டும். இதுதான் பாடம். அப்படியே குனிந்து பார்ப்பாராம். விளக்கு எரியாதாம். அழுத்துவாராம். மானிட்டரைப் போட்டால் சிக்னல் இல்லை என்னுமாம். மறுபடி அழுத்துவாராம், வந்துவிடுமாம். ஆடி முடித்ததும் மகன் சொன்ன முறைப்படி அழகாக அணைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்துவிடுவாராம். ஆஸ்டின் வைத்த டேபிள் ஃபேனின் இரைச்சலில், உள்ளே பெட்டி ஓடுகிற சத்தம் யார் காதிலும் விழ வாய்ப்பே இல்லை.

வீட்டுக்கு வந்து ஜென்சி தரையில் படுத்து, முதல் தடவையாகச் சிபியுவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவள் எப்போதும் கால் விரலால் அழுத்துகிறவள், பார்த்ததே இல்லை. பொத்தானை அழுத்தினாள், பெட்டி ஓடத் தொடங்கியது. அதன் முகத்தின் அடிப்பகுதியில் இரண்டு சிறிய ஓட்டைகள் இருந்தன. ஒன்று, கணினி ஓடுகிறதா என்று காட்டும் விளக்குக்கு. இன்னொன்று, ஹார்டு டிஸ்க் வேலை செய்கிறதா என்று காட்டும் விளக்குக்கு. இரண்டும் இருட்டாக இருந்தன.

அத்தையிடம் நேராகச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் அந்த மனுஷி அன்றைக்கே ஆட்டத்தை விட்டுவிடுவார். அதோடு ஜென்சியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதையும் கொஞ்ச நாள் விட்டுவிடுவார். பொத்தானைத் தொடாதீர்கள் என்று சீட்டு எழுதி ஒட்டினால் அதுவும் சொன்ன மாதிரிதான். பொத்தானை வேலை செய்யாதபடி ஆக்கவும் வழி உண்டு. ஆனால் அதை நாலைந்து நொடி அழுத்திப் பிடித்தால், எந்த ஏற்பாட்டையும் மீறிப் பெட்டி செத்துவிடும். ஒரு பொத்தான் மக்கர் பண்ணினால் அத்தை விரலை எடுக்கிற ஆள் இல்லை. இவ்வளவும் யோசித்த பிறகு, அவர் நம்புகிற ஒரே சாட்சியான விளக்கையே பேச வைப்பது என்று ஜென்சி முடிவு செய்தாள்.

மறுநாள் விடிந்ததும், அத்தை பால் வாங்கப் போன நேரத்தில், பெட்டியின் முன்மூடியைக் கழற்றினாள். அது வெறும் பிளாஸ்டிக் கொக்கிகளில் மாட்டியிருந்தது, கீழே விரலை விட்டு இழுத்தால் வந்துவிட்டது. விளக்கின் கால் அவள் கையிலேயே பொடிந்தது. போன வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது பெட்டியைத் தூக்கி மேசை மேல் வைப்பதற்குள் அடிப்பாகம் நனைந்துவிட்டது. உயிர் நிலைகள் எல்லாம் மேலே இருந்ததால் கணினி பிழைத்துக்கொண்டது. கீழே இருந்த இந்த இரண்டு விளக்குகளின் கால்கள் மட்டும் துருப்பிடித்து இற்றுவிட்டன.

எல்.இ.டி. விளக்கு ஒரு எளிய ஆள். இரண்டு கால்கள், நீளமான கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ். மின்சாரத்தை ஒரு பக்கமாகத்தான் உள்ளே விடும். மாற்றி மாட்டினால் கோபிக்காது, கெட்டும் போகாது, எரியாமல் சும்மா இருக்கும். திருப்பி மாட்டினால் சரியாகிவிடும். மதர்போர்டு அதற்கு வேண்டிய அளவு மின்சாரத்தை அளந்துதான் கொடுக்கும். ஆகவே கைக்குக் கிடைக்கிற சின்ன எல்.இ.டி. எதுவானாலும் போதும். அதற்குக் கடைக்குப் போகவேண்டிய அவசியமும் ஜென்சிக்கு இல்லை. டிசம்பர் மாதத்தில் ஒரு கிறிஸ்தவ வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் விளக்குக்கு வராது. போன வருஷம் ஸ்டாருக்குள் போட்ட சீரியல் செட்டை எலி நடுவில் கடித்திருந்தது. தூக்கிப் போட மனமில்லாமல் பரணில் வைத்திருந்தாள். அதில் பிளக் பக்கத்திலிருந்து முதல் விளக்கை வயரோடு வெட்டினாள். சிவப்பு. பெட்டியின் பழைய வயரோடு முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, ஓட்டைக்குள் செருகி, ஆடாமல் இருக்க மெழுகுவத்தியைச் சாய்த்து நாலு சொட்டு விட்டாள். பொத்தானை அழுத்தினாள். எரியவில்லை. மதர்போர்டில் விளக்கு வயரின் குட்டிப் பிளக்கைத் திருப்பி மாட்டினாள்.

எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது.

கண்ணடிக்கிற விளக்கு. ஜென்சிக்குப் பிடித்துப் போயிற்று. கிறிஸ்மஸ்தானே, கண்ணடித்துவிட்டுப் போகட்டும். பார்க்கிற யாருக்கும் பெட்டி உயிரோடு இருப்பது தெரியத்தானே செய்யும்? எக்ஸ்போர்ட்டைத் தொடங்கிவிட்டு நிம்மதியாகப் பள்ளிக்குப் போனாள்.

சாயங்காலம் வந்தால் பெட்டி அணைந்து, சில்லென்று கிடந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் ஆஸ்டின் மனைவியின் இடுப்பளவைக் கண்ணால் அளந்துகொண்டே, ஒரு தலையணை போதுமா, இரண்டு வேண்டுமா என்று கேட்டான். ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டிருந்த அத்தை, யாரையும் பார்க்காமல் பொதுவாக ஒரு கேள்வி போட்டார்.

"ஏம்ப்பா, இந்தக் கம்ப்யூட்டருக்கெல்லாம் ஸ்டார்ட்டர்னு ஒண்ணு உண்டா?"

இல்லையேம்மா, ஏன் என்றான் ஆஸ்டின். சும்மாதான், பேப்பரில் ஏதோ போட்டிருந்தான் என்றார் அத்தை. ஜென்சிக்குப் புரை ஏறியது. எழுந்து போய், சமையலறையில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சிரித்துத் தீர்த்துவிட்டு வந்தாள்.

ஸ்டார்ட்டர் என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் விளங்கிவிட்டது. அத்தையின் பள்ளியில் வகுப்புக்கு வகுப்பு டியூப்லைட். டியூப்லைட் கண்ணடித்தால் அது உயிரோடு இருக்கிறது என்று யாரும் நினைக்கமாட்டார்கள். சரியாகப் பிடிக்கவில்லை என்றுதான் நினைப்பார்கள். உடனே ஸ்விட்சை அணைத்துப் போடுவார்கள். அப்போதும் கண்ணடித்தால், ஸ்டார்ட்டரை ஒரு திருகு திருகுவார்கள். முப்பது வருஷம் செய்த கை. பெட்டி கண்ணடிப்பதைப் பார்த்ததும் அந்தக் கை தானாகப் போய் அணைத்துப் போட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை தனமும் அதையே காதோடு காதாகச் சொன்னாள். டீச்சரம்மா மூன்று தடவை அணைத்துப் போட்டும் விளக்கு நிற்கவில்லையாம். போய்த் தொலையட்டும் என்று ஆட உட்கார்ந்தார்களாம். மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டதால் அன்றைக்கு ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லையாம்.

இன்னும் ஒரே ஒரு பகல் பாக்கி. ஜென்சி பரணிலிருந்து சீரியல் செட்டை மறுபடி இறக்கினாள்.

அந்தச் செட்டின் சூட்சுமம் இதுதான். அதில் அத்தனை விளக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் நிற்கின்றன. வீட்டு மின்சாரத்தை எல்லாம் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்வதால்தான் எதுவும் வெடிக்காமல் பிழைக்கிறது. ஒரே வரிசை என்பதால், அதில் ஒரு விளக்கு வழியை மூடினால் எல்லாம் அணையும். ரயில்வே கேட் ஒன்று மூடினால் பின்னால் நிற்கும் அத்தனை வண்டியும் நிற்பது போல. ஆகவே செட் முழுவதும் கண்ணடிக்க, கண்ணடிக்கிற விளக்கு ஒன்றே ஒன்று இருந்தால் போதும். செய்கிறவர்கள் அதை முதல் இடத்தில் வைத்திருந்தார்கள். மற்றவை எல்லாம் தானாக இமைக்கத் தெரியாத சாதுக்கள். ஜென்சி போன தடவை அந்த ஒன்றைத்தான் பார்த்து வெட்டியிருக்கிறாள்.

இந்தத் தடவை நடுவிலிருந்து ஒரு பச்சையை வெட்டினாள். பச்சை என்றால் போகட்டும் என்று அர்த்தம், அது தாம்பரம் சிக்னலில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். முறுக்கி, டேப் சுற்றி, மெழுகு விட்டு, பொத்தானை அழுத்தினாள். பச்சை எரிந்தது. நூறு வரை எண்ணினாள். இமைக்கவே இல்லை.

பக்கத்து ஓட்டை இன்னும் காலியாக இருந்தது. அவள் கையில் இன்னொரு விளக்கும் இருந்தது. மாட்டப் போனவள் அப்படியே நின்றாள். ஹார்டு டிஸ்க் விளக்கு, டிஸ்க் வேலை செய்யும்போது எரியும், ஓய்ந்தால் அணையும். அதில் சாது விளக்கைப் போட்டாலும் அது கண்ணடிக்கத்தான் செய்யும், அதன் பிழைப்பே அதுதான். கண்ணடித்தால் அத்தையின் கை சும்மா இருக்காது. அந்த விளக்கைச் சீரியல் செட்டோடு ஓரமாக வைத்தாள். காலி ஓட்டையில் இரண்டு சொட்டு மெழுகை விட்டு அடைத்தாள். இரைகிற டேபிள் ஃபேனை நிறுத்தினாள். எக்ஸ்போர்ட்டைத் தொடங்கி, மானிட்டரை அணைத்துவிட்டுக் கிளம்பினாள். போகும்போது, எட்டாம் வகுப்பில் தலையணையோடு நிற்பதாக ஒரு கனவு கண்டதை நினைத்து, கையில் இருந்த சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலை அவள் பெட்டியில் காதை வைக்கவில்லை. வாசலிலிருந்தே, மேசைக்கு அடியில் பச்சைப் புள்ளி ஒன்று தெரிந்தது. தகரம் வெதுவெதுப்பாக இருந்தது. மானிட்டரைப் போட்டாள். வேலை முடிந்தது என்றது திரை. நாற்காலி மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போடப்பட்டிருந்தது. மௌஸ் கீபோர்டுக்கு இடது பக்கம் இருந்தது. அந்த வீட்டில் இடது கைக்காரர் ஒருவர்தான். ஜென்சி மௌஸை எடுத்து வலது பக்கம் வைத்துவிட்டு, படத்தை பென் டிரைவில் ஏற்றிக்கொண்டாள்.

மறுநாள் ஆராதனையில் ஏரோது கார் ஷெட்டில் கர்ஜித்தபோது சபையே சிரித்தது. அது முடிந்த கையோடு ரவுண்ட்ஸ் கிளம்புவதற்கு, வீட்டு ஹாலில் ஆஸ்டின் சிவப்பு அங்கியோடு கையைத் தூக்கி நின்றான். அத்தை அவன் வயிற்றில் தலையணையை வைத்துப் புடவைக் கிழிசலால் இறுக்கினார். ஜென்சி பின்னால் நின்று முகமூடியின் லாஸ்டிக்கை மாட்டிவிட்டாள். தோற்ற வருத்தத்தைவிட ஆஸ்டினுக்கு வேறு ஒன்றுதான் உறுத்தியது. முகமூடிக்குள்ளிருந்து, ஒரு வாரமாகத் தானாக அணைந்த பெட்டி ஒரே நாளில் எப்படித் திருந்தியது என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பவர் டப்பாவை மாற்றினாயா? மெமரியைத் துடைத்தாயா? ஜென்சி லாஸ்டிக்கிலேயே கவனமாக இருந்தாள்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. சுலபமான கேள்விக்கு வகுப்பில் யாரும் பதில் சொல்லாவிட்டால், தானே சொல்லிவிட்டு நகர்வது அவர் பழக்கம். முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார்.

"இதுல என்னப்பா இருக்கு. பச்சை நிலையா எரிஞ்சா பெட்டி ஓடிட்டிருக்குன்னு அர்த்தம். பொத்தான்ல கை வைக்கக் கூடாது. மானிட்டரை மட்டும் போட்டுக்கணும்."